வெள்ளாட்டுக் குடற்புழு: நாள் குறித்து அல்ல, இமை பார்த்து மருந்து

வடகிழக்குப் பருவமழை பிடித்து நாலைந்து வாரம் ஆனதும் பல பட்டிகளில் ஆடு சாவது கூடும். நேற்று வரை மேய்ந்த ஆடு மந்தைக்குப் பின்தங்கும், மரத்தடியில் நின்றுவிடும், இரண்டு நாளில் படுத்துவிடும். காய்ச்சல் இருக்காது. கழிச்சல்கூட இருக்காது, புழுக்கை வழக்கம்போல உருண்டையாகவே விழும். 'குளிர் தாங்கவில்லை', 'பூச்சிக்கடி' என்று சொல்லிப் புதைத்துவிடுவார்கள். அந்த ஆட்டின் நான்காம் இரைப்பையைக் கீறிப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும்: ஒட்டுச் சவ்வின் மேல் நூல் நூலாக, சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய மாதிரி நூற்றுக்கணக்கான புழுக்கள். சிவப்பு, புழு குடித்த ரத்தம். அதைச் சுற்றி ஓடும் வெள்ளை, அதன் கருப்பை.

இதன் பெயர் ஹீமாங்கஸ் கன்டார்ட்டஸ். வெப்பமண்டலத்தில் ஆடு வளர்ப்பவர் ஒரே ஒரு புழுவைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். மற்றவற்றை இதோடு ஒப்பிட்டே புரிந்துகொள்ளலாம்.

பெண் புழு 2 முதல் 3 செ.மீ. நீளம். ஆண் அதைவிடச் சிறியது. ஒரு புழு ஒரு நாளைக்கு உறிஞ்சும் ரத்தமும் காயத்தில் கசிவதும் சேர்ந்து சுமார் 0.05 மி.லி. கேட்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும். 1000 புழு இருந்தால் தினமும் 50 மி.லி. 20 கிலோ ஆட்டின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய 1.4 லிட்டர்தான். எலும்பு மஜ்ஜை புது ரத்தம் ஊறவைத்துக்கொண்டே இருக்கும். தீனியும் புரதமும் இருக்கும்வரை சமாளிக்கும். புழு கூடும் வேகம் ஊறும் வேகத்தைத் தாண்டிய நாளில் ஆடு விழுந்துவிடும். அதனால்தான் இந்தச் சாவு திடீரென்று வந்ததுபோலத் தோன்றுகிறது.

ஆட்டுக்குள் மூன்று வாரம், புல்லில் மிச்சம்

ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைக்குக் குறையாமல் இடும். 100 பெண் புழு உள்ள ஓர் ஆடு, மேயும் இடத்தில் தினம் 5 லட்சம் முட்டையைப் போட்டுவிட்டு வருகிறது என்று அர்த்தம். முட்டை புழுக்கையோடு விழுகிறது. ஈரமும் 25 முதல் 30 டிகிரி சூடும் கிடைத்தால் ஓரிரு நாளில் பொரிந்து, இருமுறை தோலுரித்து, ஒரு வாரத்துக்குள் மூன்றாம் நிலை லார்வாவாகிறது. ஆட்டைத் தொற்றுவது இந்த மூன்றாம் நிலை மட்டுமே. முட்டையை அப்படியே தின்றாலும் ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது.

மழை பெய்து புழுக்கை கரைந்ததும் லார்வா வெளியே வரும். புல்லில் படிந்த தண்ணீர்ப் படலத்தில் நீந்தித் தாளில் ஏறும். அப்படியும் அதிக உயரம் போகாது. பெரும்பாலானவை தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்துக்குள்ளேயே இருக்கும். ஆடு அந்தப் புல்லைக் கடித்தால் உள்ளே போய், சுமார் 3 வாரத்தில் வளர்ந்து முட்டையிடத் தொடங்கும்.

மூன்றாம் நிலை லார்வாவுக்கு வாய் திறக்காது. பழைய தோலை உறையாகப் போர்த்திக்கொண்டு, சேமித்த சத்தில் ஓடும் உயிர் அது. வெப்பம் கூடினால் அதன் அசைவும் கூடும், சேமிப்பும் சீக்கிரம் கரையும். குளிர்நாட்டில் மாதக்கணக்கில் பிழைக்கும் லார்வா, நம் சமவெளிச் சூட்டில் ஒன்றரை மாதத்தைத் தாண்டினால் பெரிது. ஊட்டிப் பக்கம் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே குளிரில் அது நீண்ட நாள் தாங்கும்.

மாத மழை 50 மி.மீ.யைத் தாண்டினால் இந்தப் புழுவுக்குக் கொண்டாட்டம் என்பது பழைய, இன்றும் பயன்படும் அளவுகோல். சூடு நம்மிடம் ஆண்டு முழுக்க இருக்கிறது. தட்டுப்பாடு ஈரத்துக்கு மட்டும். ஆகவே மழைக்கணக்கு வைத்திருப்பவர் புழுக்கணக்கையும் பாதி வைத்திருக்கிறார். மழை தொடங்கி லார்வா வளர ஒரு வாரம், ஆட்டுக்குள் வளர 3 வாரம். ஐப்பசி மழைக்குக் கார்த்திகையில் சாவு விழுவது இந்தக் கூட்டல்தான்.

மற்றவர்கள்

குடற்புழு என்று பொதுவாகச் சொல்வதில் பல வகை உண்டு. டிரைக்கோஸ்ட்ராங்கைலஸ் சிறுகுடலில் இருந்துகொண்டு கழிச்சலும் மெலிவும் கொடுக்கும். ஈசோஃபாகோஸ்டோமம் பெருங்குடல் சுவரில் முடிச்சு முடிச்சாகக் கட்டி போடும். குடல் சுத்தம் செய்யும் கறிக்கடைக்காரர் 'பொரிப்பொரியாக இருக்கிறது' என்று ஒதுக்கும் குடல் இதுதான். குட்டியின் புழுக்கையில் வெந்த சோற்றுப்பருக்கை போல ஒட்டியிருப்பது மொனீசியா என்ற நாடாப்புழுவின் துண்டு. பார்க்க அருவருப்பாக இருப்பதால் எல்லாரும் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் கண்ணுக்குத் தெரியாத முட்டை போடும் ஹீமாங்கஸ்தான் ஆட்டைக் கொல்கிறது.

ஏரி, வாய்க்கால், நெல் வயல் ஓரம் மேயும் ஆட்டுக்குத் தட்டைப்புழு வரும். நத்தை வழியாகப் பரவும் இவற்றில் ஒன்று கல்லீரலில் தங்கும், இன்னொன்று முதல் இரைப்பையில். சாதாரணக் குடற்புழு மருந்து பலவற்றுக்கு இவை அசையாது. ஆக்ஸிக்ளோசனைடு போன்ற தனி மருந்து வேண்டும். மேட்டுக்காட்டில் மட்டும் மேயும் மந்தைக்கு அந்த மருந்தைக் கொடுப்பது வீண்செலவு.

தாடை வீக்கம்

ரத்தத்தோடு புரதமும் போவதால் ரத்தக் குழாயில் நீர் நிற்காமல் கசிந்து, தலை குனிந்து மேயும் ஆட்டின் தாடைக்கடியில் தேங்கும். சாயங்காலம் பை போலத் தொங்கும் வீக்கம், இரவு முழுக்கத் தலை நிமிர்த்திப் படுத்த பிறகு காலையில் வற்றியிருக்கும். இதைத் தொண்டை அடைப்பான் என்று நினைத்து ஊசி போட ஓடுபவர்கள் உண்டு. விரலால் அழுத்திப் பாருங்கள். புழு வீக்கம் குளிர்ந்திருக்கும், வலிக்காது, அழுத்திய குழி சற்று நேரம் அப்படியே நிற்கும். தொண்டை அடைப்பானில் வீக்கம் சூடாக இருக்கும், தொட்டால் ஆடு துள்ளும், காய்ச்சல் அடிக்கும், மூச்சு இழுக்கும். கல்லீரல் தட்டைப்புழுவும் இதே தாடை வீக்கத்தைக் கொடுக்கும் என்பதால் மேய்ந்த இடத்தையும் யோசிக்க வேண்டும்.

ஆனால் தாடை இறங்கும்வரை காத்திருந்தால் பாதி ஆட்டம் முடிந்துவிடும். அதற்கு முன்பே சொல்லும் இடம் கண் இமை.

இமை பார்ப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவில் 1990களில் உருவான முறை இது. ஃபாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவரின் பெயரை ஒட்டி ஃபமாச்சா என்கிறார்கள். 5 நிறம் அச்சிட்ட ஓர் அட்டை: 1 நல்ல சிவப்பு, 2 இளஞ்சிவப்பு கலந்த சிவப்பு, 3 இளஞ்சிவப்பு, 4 வெளிறிய இளஞ்சிவப்பு, 5 வெள்ளை.

நல்ல வெளிச்சத்தில், திறந்தவெளியில் பாருங்கள். ஒரு கைக் கட்டைவிரலால் மேல் இமையைக் கண்ணை மூடுமாறு கீழிறக்கி, கண்விழியை லேசாக உள்ளே அழுத்துங்கள். அதே நேரம் மறு கைக் கட்டைவிரலால் கீழ் இமையைக் கீழே இழுத்தால் உட்சவ்வு பிதுங்கி வரும். அந்தச் சவ்வின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். இமை ஓரத்தையோ விழி மூலையையோ பார்க்கக் கூடாது. இரண்டு மூன்று விநாடிக்குள் முடியுங்கள், பிடித்துக்கொண்டே இருந்தால் ரத்தம் ஏறிச் சிவந்துவிடும். இரண்டு கண்ணையும் பார்த்து, வெளிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு எண் மோசமானதாகவே வையுங்கள்.

4, 5 என்றால் அன்றைக்கே மருந்து. 3 என்றால் வெள்ளாட்டுக்குக் கொடுத்துவிடுவதே நல்லது, குறிப்பாகக் குட்டிக்கும் சினைக்கும் பால் கொடுக்கும் பெட்டைக்கும். 1, 2 என்றால் விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் 2 வாரத்துக்கு ஒருமுறை. மந்தையில் பத்தில் ஒன்றுக்கு மேல் 4, 5 வந்துவிட்டால் வாரம் ஒருமுறை. அட்டை வெயிலில் வெளுக்கும். வெளுத்த அட்டையோடு ஒப்பிட்டால் எல்லா ஆடும் ஆரோக்கியமாகத் தெரியும், ஆகவே உறையில் போட்டு நிழலில் வையுங்கள்.

இந்த முறை ரத்தம் குடிக்கும் புழுவுக்கு மட்டும். டிரைக்கோஸ்ட்ராங்கைலஸ் இமையை வெளுக்கவைக்காது. மறுபக்கம் பேன், உண்ணி, ரத்த ஒட்டுண்ணி, தீனிக் குறைவு எல்லாமே இமையை வெளுக்கச் செய்யும். தூசியும் கண்நோயும் சோகை பிடித்த இமையைச் சிவக்கவைத்து ஏமாற்றும். அதனால் தாடை, முதுகெலும்புத் தசை, பின்புறம் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா, ரோமம் மினுமினுக்கிறதா என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

புழுக்கைப் பரிசோதனை

தரையில் கிடப்பதைப் பொறுக்காமல், கையுறை போட்டு மலக்குடலிலிருந்து நேராக 4, 5 கிராம் எடுங்கள். ஏழெட்டுப் புழுக்கை போதும். சின்ன பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்கோ மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ கொண்டுபோங்கள். சூட்டில் ஒரு நாள் கிடந்தால் முட்டை பொரிந்துவிடும், எண்ணிக்கை குறைவாக வரும். ஃப்ரீசரில் வைத்தால் முட்டை கெட்டுவிடும்.

ஆய்வகத்தில் 4 கிராமை 56 மி.லி. செறிந்த உப்புக்கரைசலில் கலக்கி வடிகட்டி, மக்மாஸ்டர் என்ற கட்டமிட்ட கண்ணாடியில் ஊற்றுவார்கள். முட்டை மிதந்து மேலே வரும். இரு கட்டத்திலும் எண்ணிய முட்டையை 50ஆல் பெருக்கினால் ஒரு கிராம் புழுக்கையில் எத்தனை முட்டை என்று கிடைக்கும். 1,000ஐத் தாண்டினால் அந்த ஆட்டுக்கு மருந்து பற்றி யோசிக்க வேண்டும். தட்டைப்புழு முட்டை கனமானது, உப்புத்தண்ணீரில் மிதக்காது. அதற்குத் தனியாக வண்டல் சோதனை கேளுங்கள். கேட்காவிட்டால் 'புழு இல்லை' என்று சீட்டு வந்துவிடலாம்.

மருந்து ஏன் கேட்பதில்லை

'போன மாசம்தான் பூச்சி மருந்து ஊத்தினேன், ஆடு தேறவே இல்லை.' இதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்.

முதலாவது அளவு. வெள்ளாட்டின் உடல் பல குடற்புழு மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக உடைத்து வெளியேற்றும். செம்மறிக்குப் போதும் என்று எழுதிய அளவு வெள்ளாட்டுக்குப் பாதி வேலைதான் செய்யும். ஃபென்பென்டசோல் செம்மறிக்குக் கிலோவுக்கு 5 மி.கி., வெள்ளாட்டுக்கு 10 மி.கி. ஐவர்மெக்டின் 0.2க்குப் பதில் 0.4 மி.கி., வாய் வழியாக. லெவமிசோல் 7.5க்குப் பதில் 12 மி.கி.; இதற்கு மேல் போனால் வாயில் நுரை தள்ளி நடுங்கும், இதில் தாராளம் கூடாது. குளோசன்டெல் அளவு மீறினால் ஆட்டின் கண்பார்வை போய்விடும். அல்பென்டசோலைச் சினையின் முதல் மாதங்களில் கொடுக்காதீர்கள். பாலுக்கும் கறிக்கும் எத்தனை நாள் இடைவெளி என்பதோடு சேர்த்து, எந்த மருந்து என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். எடையும் மில்லியும் உங்கள் பொறுப்பு.

எடைத்தராசு இல்லையென்றால் தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 26, நீளம் 24 என்றால் 24.6 கிலோ. அல்பென்டசோல் 2.5 சதவீதப் புட்டியில் ஒரு மி.லி.க்கு 25 மி.கி. இருக்கும், கிலோவுக்கு 10 மி.கி. வீதம் இந்த ஆட்டுக்கு 246 மி.கி., அதாவது 10 மி.லி. இதே 10 மி.லி.யை 10 சதவீதப் புட்டியிலிருந்து ஊற்றினால் நாலு மடங்கு. புட்டியின் சதவீதம் படிக்காமல் 'ஒரு மூடி' ஊற்றுவது ஒரு ஆட்டுக்குக் குறையும், இன்னொன்றுக்கு மிகும்.

இரண்டாவது, ஊற்றும் விதம். வாய் நுனியில் ஊற்றினால் மருந்து முதல் இரைப்பையைத் தாண்டி நேராகக் கீழே ஓடிச் சீக்கிரம் வெளியேறிவிடும். நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னால் ஊற்ற வேண்டும். தலையை வானத்தைப் பார்க்கத் தூக்காதீர்கள். நுரையீரலுக்குள் போனால் மருந்தே கொன்றுவிடும். மூக்கும் முதுகும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். முந்தின மாலை தீனியை எடுத்துவிட்டுக் காலையில் கொடுத்தால் அல்பென்டசோலும் ஃபென்பென்டசோலும் வயிற்றில் மெதுவாக நகர்ந்து நன்றாக வேலை செய்யும். தண்ணீர் வைக்கலாம். நிறைசினைக்கும் நலிந்த ஆட்டுக்கும் இந்தப் பட்டினி வேண்டாம்.

மூன்றாவதுதான் பெரிய தலைவலி: மருந்துக்குப் பழகிய புழு. தையாபென்டசோல் 1961இல் சந்தைக்கு வந்தது, 1964இலேயே அது கேட்காத ஹீமாங்கஸ் அமெரிக்காவில் பதிவானது. புழு நாளுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும் உயிர், அதற்கு இது ஒன்றும் பெரிய காலமில்லை. அல்பென்டசோல் கேட்கவில்லை என்று ஃபென்பென்டசோல் வாங்குவது மருந்தை மாற்றுவது ஆகாது. இரண்டும் ஒரே குடும்பம், ஒன்றைத் தாண்டிய புழு மற்றதையும் தாண்டும். லெவமிசோல் ஒரு குடும்பம், ஐவர்மெக்டின் இன்னொன்று, குளோசன்டெல் வேறொன்று.

உங்கள் பட்டியில் மருந்து கேட்கிறதா என்று அறிய, 10 ஆட்டுக்கு மருந்து கொடுக்கும் அன்றும் 14ஆம் நாளும் முட்டை எண்ணுங்கள். சராசரி 1,200 இருந்தது 300 ஆனால் 75 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. 95 சதவீதத்துக்குக் கீழ் என்றாலே சந்தேகப்பட வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மந்தை முழுவதற்கும் ஊற்றும் வழக்கம்தான் இந்தப் புழுவை வளர்க்கிறது. ஒரு மந்தையில் ஐந்தில் ஒரு பங்கு ஆடுகளே பெரும்பாலான புழுவைச் சுமக்கின்றன. மற்றவற்றுக்கு ஊற்றுவதால் ஆட்டுக்குப் பலன் குறைவு, புழுவுக்குப் பயிற்சி. இதில் மிக மோசமான நேரம் சித்திரை, வைகாசிக் கத்திரி. அப்போது மேய்ச்சல் நிலத்தில் லார்வா காய்ந்து செத்திருக்கும், மிச்சமிருப்பது ஆட்டின் வயிற்றுக்குள் இருப்பவை மட்டுமே. அந்நேரம் எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால் தப்பிப்பவை அத்தனையும் மருந்துக்கு அசையாதவை. முதல் மழையில் நிலம் முழுக்க அவற்றின் முட்டைதான் முளைக்கும். சிவந்த இமையுள்ள ஆடுகளை மருந்தில்லாமல் விடுவது, மருந்து கேட்கும் புழுக்களின் வம்சத்தை மந்தையில் நிறுத்திவைக்கிறது. மருந்து கொடுத்த கையோடு மந்தையைப் புது நிலத்துக்கு ஓட்டுவதும் இதே காரணத்தால் தப்பு.

வேப்பிலை, பாகல், பூண்டு, தும்பை, வாழைத்தண்டுச் சாறு சேர்த்த உருண்டையைப் பலரும் கொடுக்கிறார்கள். இமை 2இல் இருக்கும் ஆட்டுக்குக் கொடுத்தால் நஷ்டமில்லை. இமை வெளுத்த ஆட்டுக்கு அதை நம்பி ஒரு வாரம் கழித்தால், பிறகு எந்த மருந்தும் உதவாது.

மேய்ச்சலும் கொட்டகையும்

வெள்ளாடு இயல்பில் தழை கடிக்கும் பிராணி. மேலே எட்டித் தின்றவரை புழுவைச் சந்திக்காமல் வாழ்ந்தது. புழுவை எதிர்க்கும் சக்தி அதற்குச் செம்மறி அளவுக்கு வளராததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். புல்வெளியில் அடைத்துத் தரையோடு தரையாக மேயவிடும்போதுதான் சிக்கல். அகத்தி, வாகை, சூபாபுல், கிளுவை வெட்டி 2, 3 அடி உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் லார்வா அங்கே ஏற வழியில்லை. கூடவே புரதமும் கிடைக்கும். தினம் 100, 150 கிராம் கடலைப் பிண்ணாக்கு கலந்த அடர்தீவனம் சாப்பிடும் ஆடு, அதே புழுவோடு நின்று பிழைக்கும்.

பனி இறங்கும் மாதங்களில் புல் காய்ந்த பிறகே ஓட்டுங்கள். வேலி போட்ட நிலமிருந்தால் பகுதி பிரிக்கலாம். பசிபிக் தீவுகளின் ஈரச் சூட்டில் வெள்ளாட்டை வைத்துச் செய்து பார்த்த கணக்கு: 10 பகுதி, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள், திரும்ப முதல் பகுதிக்கு வர 35 நாள். தான் போட்ட முட்டை லார்வாவாகும் முன் ஆடு நகர்ந்துவிடுகிறது, திரும்பி வருவதற்குள் லார்வாவில் பெரும்பகுதி செத்துவிடுகிறது. ஒரே பகுதியில் 10 நாள் வைத்தால் இந்தக் கணக்கு உடையும். உழுத தரிசில் தினம் இடம் மாற்றிக் கிடை போடும் பழக்கமும் இந்த வகையில் பாதுகாப்பானதே. மாட்டைப் பின்னால் மேய்த்தால், ஆட்டுப் புழுவின் லார்வாவை மாடு தின்று தீர்க்கும். அதன் வயிற்றில் அவை அநேகமாக வளர்வதில்லை. செம்மறியை விட்டால் பலனில்லை, இரண்டுக்கும் ஒரே புழுதான்.

பரண் கொட்டகையில் புழுக்கை இடுக்கு வழியாக விழுந்துவிடுவதால் தொற்று நன்றாகவே குறையும். ஆனால் கீழே சேர்ந்த எருவை மக்கவிடாமல் தீவனப் புல்லுக்குப் போட்டு, அதையே அடியொட்ட அறுத்துப் போடும் பண்ணைகளில் பரண் மேலும் புழு ஏறிவிடுகிறது. எருவைக் குவித்துச் சூடேற மக்கவையுங்கள்.

பரணில் வளர்ந்தாலும் 3 வாரம் முதல் 5 மாதம் வரையுள்ள குட்டிக்கு ரத்தக் கழிச்சல் வந்தால் அது பெரும்பாலும் காக்சிடியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி, புழுவே அல்ல. குடற்புழு மருந்து எதற்கும் அது மசியாது. ஆம்புரோலியம் அல்லது சல்ஃபா வேண்டும். நனைந்த தரை, குட்டிகள் கால் வைக்கும் தீவனத்தொட்டி, நெரிசல் மூன்றும்தான் இதன் வீடு.

குட்டி ஈனுவதற்கு 2 வாரம் முன்பிருந்து பால் கொடுக்கும் முதல் 2 மாதம் வரை பெட்டையின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்து முட்டை பெருகும். அந்தச் சமயத்தில் இமையை வாரம் ஒருமுறை பாருங்கள், குட்டிகளைத் தாய் மேய்ந்த இடத்தில் மேயவிடாதீர்கள்.

சந்தையில் வாங்கிய ஆட்டோடு வருவது ஆடு மட்டுமில்லை, வேறொருவர் பட்டியில் மருந்துக்குப் பழகிய புழுவும்தான். தனியாகக் கட்டி, இரு வேறு குடும்ப மருந்துகளை மருத்துவர் சொல்லும் முழு அளவில் தனித்தனியாகக் கொடுத்து, புல் இல்லாத வெறுந்தரையில் 2 நாள் வைத்து அந்தப் புழுக்கையைக் கூட்டி அள்ளுங்கள். 14ஆம் நாள் முட்டை எண்ணிப் பார்த்த பிறகே மந்தையில் சேருங்கள்.